சிவப்பு நூல்

குட்டி போட்ட முப்பதாம் நாள் அழகிரி எவர்சில்வர் தட்டை எடுப்பார். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் செவிடு அதிகம் என்பதால், குட்டிகளின் முதுகுப் பக்கம் நின்று தட்டைக் கரண்டியால் அடிப்பார். சத்தத்துக்குத் திரும்பும் குட்டிக்குத்தான் அவர் மனைவி திலகம் கழுத்தில் சிவப்பு நூல் கட்டுவாள். நூல் கட்டிய குட்டியை மட்டுமே வெளியே கொடுப்பார்கள். வழக்கமாகத் தாயை முற்றத்தில் கட்டிவிட்டுத்தான் அடிப்பார். இன்று மழை என்பதால் தாய் மல்லியும் குட்டிகளோடு கிடந்தது. ஆறு குட்டிகளில் நான்கு திரும்பின. மல்லிக்கு இது நான்காவது ஈற்று. ஒவ்வோர் ஈற்றிலும் இப்படி ஒன்றிரண்டு செவிடாகப் போக, இணை சேர்த்த கடுவன் நாய்மேல் பழியைப் போட்டு மூன்று கடுவன்களை மாற்றியிருந்தார். “இன்னொரு தரம் அடிங்க,” என்றாள் திலகம். அடித்தார். அதே நான்கு தலைகள் திரும்பின. அவை திரும்பியதைப் பார்த்த பிறகுதான் மல்லி திரும்பியது. “ஏங்க, இதுக்கும்...” “சும்மா இரு.” மல்லியைத் தாழ்வாரத்துக்கு நடத்திப்போய், பின்னால் நின்று தட்டு நெளியும்வரை அடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஐந்து வருஷமாகக் கூப்பிடும் பெயர். அது மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுற்றி வந்து முன்னால் நின்றார். அவரைக் கண்டதும் மல்லி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்து, தட்டில் சோறு இருக்கிறதா என்று மோந்து பார்த்தது. “இந்த நாலுக்கும் நூல் கட்டவா, வேண்டாமா?” என்று பின்னாலிருந்து திலகம் கேட்டாள். அழகிரி திரும்பவில்லை.