காலண்டரிடம் பேசியவர்

தலைமை ஆசிரியை பதிலுக்கு வணக்கம் சொல்லவில்லை. எழுந்துபோய், ஙொய்யென்று இரைந்துகொண்டிருந்த டியூப்லைட்டை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பிள்ளையைச் சேர்க்க வந்தவர்களை இருட்டில் உட்கார வைத்தா மின்சாரத்தை மிச்சம் பிடிப்பார்கள்?

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அவர்களுடைய பத்து வயது மகள். நுனிக்காலிலேயே நடப்பதால் வீட்டில் அவள் பெயர் பூனை. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. வந்ததிலிருந்து காதில் விரலை விட்டுக்கொண்டிருந்தவள், நல்லவேளையாக இப்போதுதான் எடுத்திருந்தாள்.

"மேடத்துக்கு குட் மார்னிங் சொல்லு பாப்பா" என்றாள் அம்மா.

வீட்டில் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்தது. பூனை வாயைத் திறப்பதற்குள், "சொல்ல வேண்டாம்" என்றார் மேடம். மேசைமேல் இருந்த பேப்பர் கிளிப் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். ஒரு 'கண்ணு' கிடையாது, ஒரு 'செல்லம்' கிடையாது.

பழைய பள்ளியில் செல்லத்துக்குக் குறைவே இருந்ததில்லை. வாய் நிறைய செல்லம் என்று சொல்லித்தான் பூனையை வராந்தாவில் தனியாக உட்கார வைத்தார்கள். "வேற நல்ல இடமாப் பாருங்களேன்" என்று கடைசியில் அனுப்பி வைத்ததும் அதே சிரித்த முகத்தோடுதான். சிரித்தவர்களே வராந்தாவில் விட்டார்கள் என்றால், சிரிக்காத இவர் எங்கே கொண்டுபோய் விடுவாரோ?

போதாக்குறைக்கு மேடம் குர்தாவை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார். அம்மா தையல்காரி. அவள் கண்ணுக்கு அது தப்புமா? தையல் உறுத்துகிறதென்று பூனை அப்படிப் போடுவாள், சரி; பெரியவர் இவருக்கு என்ன? தன் துணியையே கவனிக்காதவர் ஊரார் பிள்ளையைக் கவனிக்கப் போகிறாராம்.

"புது இடம்னா ரொம்ப பயப்படுவா மேடம். அதான்..." என்று இழுத்தாள்.

"பயப்படுவா. முதல் மாசம் கஷ்டமாத்தான் இருக்கும்." மேடம் இதைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

"போகப் போக சரியாயிடும், இல்லையா?"

"தெரியாது."

லாரியில் பிரேக் பிடிக்காதபோதுகூட பதறாத அப்பா, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "பெத்தவங்க மனசு மேடம். ஆறுதலுக்காவது ஒரு வார்த்தை சொல்லலாமே."

"தெரியாததை எப்படிச் சொல்றது?" மேடம் காலண்டரிடமே கேட்டார். "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஸ்கூல் காலியா இருக்கும். வகுப்பு, பாத்ரூம் எல்லாம் அவளே சுத்திப் பார்க்கட்டும். மணியையும் அவளே அடிச்சுப் பார்க்கட்டும். எப்ப அடிக்கும், எப்படிச் சத்தம் போடும்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும்."

லீவு நாளில் வரச் சொல்கிறாரே என்பது மட்டும்தான் அம்மாவின் காதில் விழுந்தது. மற்ற பிள்ளைகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளத்தான், வேறென்ன?

அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்தார். "கிளம்பிடலாமா?"

பூனை யாரையும் கண்டுகொள்ளவில்லை. கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்கிக்கொண்டிருந்தாள். மேடம் டிராயரைத் திறந்து இன்னொரு டப்பாவை எடுத்து வைத்தார். அதற்கும் ஒரு சிரிப்பு கிடையாது.

அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"தப்பா நினைச்சாலும் பரவாயில்லை மேடம். வந்ததிலேர்ந்து எங்க முகத்தைக்கூட நீங்க பார்க்கலை. சும்மா ஒரு ஆறுதல் சொல்லக்கூட மனசு வரலை. புத்தகத்துல படிச்சா எல்லாம் தெரிஞ்சிடுமா?" அதோடு விடவில்லை. "இவளை மாதிரி ஒருத்தரோட ஒரு நாள், ஒரே ஒரு நாள், முழுசா இருந்து பார்த்திருக்கீங்களா?"

"உட்காரு" என்று அப்பா முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

மேடத்துக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கணக்குப் பாடத்தில் கேள்வி கேட்டதுபோல் ஒரு கணம் யோசித்தார்.

"இருக்கேன். பொறந்ததிலேர்ந்து. நானும் இவளை மாதிரிதான்."