மெஷினை மறுத்த தலைவர்

“எல்லாரும் உட்காருங்க. இதை நான் ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்.”

உட்கார வேண்டியவர்கள் மனைவி, மகன், மருமகள் மட்டும்தான். ஆனாலும் சபை நிரம்பி வழிவதுபோல் தலைவர் ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மூத்தோர் மன்றத்துக்கும், காலை நடைக் குழுவுக்கும் அவரே. எழுபத்தெட்டு வயதில் வந்த இதய அடைப்பைக்கூட இன்னொரு பதவி மாதிரிதான் ஏற்றுக்கொண்டிருந்தார். மறுநாள் ஆபரேஷன்.

“நாளைக்கு என் இதயம் மக்கர் பண்ணினா, வெளியில ஒரு மெஷினை வெச்சு ரத்தத்தை ஓட்டுவாங்களாம். எனக்கு அது கூடாது. வந்தாச்சு, வாழ்ந்தாச்சு. போற நேரத்துல ஒரு மோட்டார் தயவுல கிடக்க மாட்டேன். கௌரவம்னு ஒண்ணு இருக்கு.”

நல்ல வார்த்தையாகப் பேசக் கூடாதா என்று மனைவி முணுமுணுத்தாள். அவர் அதை ஒரு குறுக்கீடாகக்கூட மதிக்காமல் மகன் பக்கம் திரும்பினார்.

“டேய், என் பேச்சை மீறி எவனாவது மெஷினை மாட்டச் சொன்னா, நான் பொழைச்சு வந்தாலும் அவன்கூட எனக்குப் பேச்சு கிடையாது.”

இது வெறும் மிரட்டல் இல்லை. இரவல் வாங்கிய குடையைத் தொலைத்த குற்றத்துக்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர் அவர். தம்பி புதுக் குடையே வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தலைவர் குடையை வாங்கி வைத்துக்கொண்டார். பேசவில்லை.

மகன் சரி என்று தலையாட்டினான். வேறு வழி?

காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கூடவே போனான். பல்செட்டையும் கண்ணாடியையும் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, ‘ஞாபகம் இருக்கட்டும்’ என்பதுபோல் ஆள்காட்டி விரலை உயர்த்தினார் தலைவர். தள்ளுவண்டி உள்ளே போய்க் கதவு மூடும்வரை அந்த விரல் இறங்கவேயில்லை.

மத்தியானம் பெரிய டாக்டர் வெளியே வந்தார். அடைப்பை எல்லாம் சரிசெய்தாகிவிட்டதாம். ஆனால் இதயம் தானாக வேலையை எடுத்துக்கொள்ள மறுக்கிறதாம். சில நாள் மெஷின் அந்த வேலையைப் பார்த்தால் இதயம் தேறலாம், தேறாமலும் போகலாம், இந்த வயதில் உத்தரவாதம் கிடையாது என்றார்.

“மெஷின்ல வைக்கிறோம், சரிதானே?”

கௌரவம், மோட்டார், கொடுத்த வாக்கு எல்லாம் மகனின் தொண்டைவரை வந்தன. கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தான். உள்ளே அப்பாவின் பற்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

“வைங்க டாக்டர்,” என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் திரும்பி நடந்துவிட்டார்.

அம்மா அவன் தோளைத் தொட்டாள். “கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிடறேன்டா. என்கூடப் பேசாம இருந்தா எனக்கும் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.”

மெஷின் ஓடியது. ஒரு குழாயில் ரத்தம் வெளியே வந்தது, இன்னொரு குழாயில் உள்ளே போனது. தலைவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கருத்து எதுவும் சொல்லாமல் படுத்திருந்தார். ஒருநாள், லீவு முடிந்த குமாஸ்தா மாதிரி, இதயம் மெதுவாக வேலைக்குத் திரும்பியது. மெஷினை எடுத்தார்கள். பிறகு மூச்சுவிட வாய்க்குள் செருகியிருந்த குழாயை எடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற வீட்டாருக்குச் சந்தோஷம். மகனுக்கு மட்டும் சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. அடுத்து வெளியே வரப்போவது அப்பாவின் குரல்.

வந்தது. கரகரவென்று வந்தது.

“மெஷின் வெச்சாங்களாமே. யார் சொன்னது?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் மகன் முன்னால் வந்தான்.

“நான்தாம்ப்பா. என்கூடப் பேச வேண்டாம்னா பேசாதீங்க. ஆனா எதிர்ல உட்கார்ந்துக்கிட்டுப் பேசாம இருங்க. எனக்கு அது போதும்.”

தலைவர் தீர்ப்புச் சொல்வதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார். மருமகள் மூக்கை உறிஞ்சினாள்.

“கொள்கைன்னு பார்த்தா மன்னிக்க முடியாத குத்தம். ஆனா பெத்த பிள்ளையாப் போயிட்டே. போனாப் போகுது, மன்னிச்சேன்.” சற்று மூச்சு வாங்கினார். “தண்டனை உண்டு. தினம் காலையில என்கூட நடக்க வரணும். நான் பேசுவேன். நீ கேட்கணும்.”

ஆயுள் தண்டனைதான். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி ஒப்புக்கொண்டான்.

வெளியே வராந்தாவில், ஆபரேஷன் அன்று அப்பாவுக்கு மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா எதிரே வந்தார். ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று கேட்டார். பேச்சை மீறியதையும் அப்பா பெரிய மனசு பண்ணி மன்னித்ததையும் அவன் சொன்னான்.

டாக்டரம்மா வார்டு கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“மன்னிச்சாரா? வீட்டுல சொல்லாதீங்கன்னு அவர் கேட்டுக்கிட்டதாலதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். நீங்க ‘வைங்க’ன்னு சொன்னப்பவே உள்ள மெஷின் ஓடிக்கிட்டிருந்தது.”

“யாரைக் கேட்டு வெச்சீங்க?”

“தியேட்டர் கதவு மூடினதும் அந்த விரலை இறக்கி, என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். தேவைப்பட்டா யோசிக்காம மெஷினை மாட்டிடுங்கன்னார். சரின்னேன். அப்பவும் கையை விடலை. மயக்கம் வர்றவரைக்கும், கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னே கேட்டுக்கிட்டிருந்தார்.”