மூன்று நாள் ஓய்வு

"டெஸ்ட்டுக்கு முன்னால மூணு நாள் எதையும் தூக்காதேன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கோ சார்."

"அப்புறம் இது இன்னா?" ரெண்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் செய்த தோளை ஒரு கையால் பிடித்தபடி, கோச் கோபிகிருஷ்ணன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை யமுனாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். "சி.கே. ரெண்டாயிரத்தைத் தாண்டிக்கினு போவுது. தசை நைஞ்சாத்தான் இப்படி ஏறும்."

யமுனா ரிப்போர்ட்டை வாங்கி இரண்டாக மடித்தாள்.

"ஜிம்முக்கும் வரலை. வேற எங்க போய்த் தூக்கினே? இல்ல, ஊசி கீசி போட்டுக்கினியா?"

"அய்யோ, ஊசி இல்ல சார்." கண் கலங்கியது.

அவ்வளவுதான். மாநிலப் பளுதூக்கும் போட்டிக்கான பட்டியலில் அவள் பேரை அடித்துவிட்டு, அடுத்த இடத்தில் இருந்த நளினி பேரை எழுதினான். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

திருப்பதியில் அன்று வெயிலே இல்லை. மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தவனுக்கும் எல்லாம் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோலத்தான் இருந்தது. நாகலாபுரத்திலிருந்து வந்த அந்தப் பெண் மெடலோடு நிற்பதை எத்தனை நாள் விழித்துக்கொண்டே கனவு கண்டிருக்கிறான்! பாவி, கெடுத்துக்கொண்டாளே.

வீட்டில் அம்மா கமலம்மா முழங்காலுக்கு எண்ணெய் தடவியபடி, ஜன்னல் வழியே மலையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள் மலைக்கு பஸ்ஸுலதானே போனே? கால் ஏன் வலிக்குது?"

"திட்டாதேடா. அடிவாரம் அலிபிரியிலயே இறங்கி நடந்துட்டேன். உன்னைத் துணைக்குக் கூப்ட்டா ரெண்டு வருசமா நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லிக்கினு இருக்கறே."

"தனியாவா போனே?"

"யமுனா வந்தா. முழங்கால் முறிச்சான் படிகிட்ட என் காலு மடங்கிப்போச்சு. முதுகுல தூக்கிக்கினா பாரு, கோவிந்தா கோவிந்தான்னு உச்சி வரைக்கும் இறக்கலை. சுத்தியும் மேகம். நான் மலை ஏறறேனா, மானத்துல மிதக்கறேனான்னே தெரியலைடா."

"அவ... ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ கத்துவேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

கோபி சட்டைப் பையிலிருந்த பட்டியலை எடுத்து நாலாகக் கிழித்தான். சாயங்காலத்துக்குள் யமுனா பேரோடு வேறு எழுதி அனுப்பிவிடலாம். நாலு நாள் சும்மா இருந்து மறுபடி ரத்தம் கொடுத்தால் எண் தானாக இறங்கிவிடும்.

அம்மா மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போதும்மா, திரும்பிடலாம்னு எவ்ளோ சொன்னேன். கேக்கலையே! 'சாரோட தோள் ஆபரேஷனுக்கு நீங்கோ வேண்டிக்கினது, பாதியில விடக்கூடாதும்மா'ன்னுட்டா."