மூன்று டிகிரி கூடுதல்

ஓய்வு பெற்ற தபால்காரர் அன்று காலைதான் அந்தக் குட்டி வளைப்பு இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். மனைவிக்கு அலமாரித் தாங்கிகள் செய்து தருவதாக ஊரையே கூட்டிச் சத்தியம் செய்திருந்தார். இரும்புப் பட்டையைத் தொண்ணூறு டிகிரி வளைத்தால், கைப்பிடியை விட்டதும் அது சோம்பல் முறித்து மூன்று டிகிரி நிமிர்ந்துகொண்டது. ஆயிரம் முறையாவது திட்டியிருப்பார்.

மனைவி கொல்லைக்கு வந்தாள். "தள்ளுங்க. மூணு டிகிரி கூடவே வளைக்கணும்." வளைத்தாள், கச்சிதமாக நின்றது.

"உனக்கு யாருடி சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான், ஒரு வாரமா. நேத்தெல்லாம் இப்படி எரிஞ்சு விழலையே!"

"பெட்டியையே இன்னிக்குத்தானே பிரிச்சேன்!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏங்க, இவருக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்," என்று கொஞ்சலாகக் கூப்பிட்டாள். அந்தக் குரலில் அவள் அவரைக் கூப்பிட்டு முப்பது வருடமாகிறது.

உள்ளேயிருந்து பதிலுக்குக் கேட்டது அவருடைய அதே செருமல்.