அடுத்தவர் கேரவன்

“நிறுத்து! இறங்குடா கீழே!”

காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் கேரவன் பார்க்கில் இப்படிக் கத்த ஒரே ஆளால்தான் முடியும். நெவில். வயது எழுபத்திரண்டு. லாரி ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக, கிளம்பிய வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

வண்டிக்குள் ஜாரட், அவன் மனைவி டாலியா, பின் சீட்டில் பத்து மாதக் குழந்தை. பின்னால் மாட்டி இழுக்க ஒரு புத்தம் புது கேரவன், சக்கரம் வைத்த குட்டி வீடு. சின்னஞ்சிறுசுகள், முதல் பயணம். பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

நானும் என் கணவர் காலினும் பக்கத்து கேரவன் க்ளெனிஸும் நிழலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் பண்பானவர்கள். யார் கேரவனை எப்படி மாட்டினாலும் வாயைத் திறக்க மாட்டோம்.

“என்ன சார் பிரச்சினை?” என்று ஜாரட் இறங்கினான்.

“நீதான் பிரச்சினை. வண்டிக்கும் கேரவனுக்கும் நடுவுல இந்த ரெண்டு இரும்புக் கம்பியும் எதுக்கு? அழகுக்கா?”

“பாரத்தைப் பங்கு போடறதுக்கு சார். இல்லேன்னா கேரவன் என் வண்டியோட பின்பக்கத்தை அமுக்கிடும், முன் சக்கரம் தூக்கிக்கும்.”

“அட, எல்லாம் தெரியுதே! மாட்டறதுக்கு முன்னால முன் சக்கரத்துக்கு மேல உயரம் அளந்தியா? மாட்டின பிறகு அளந்தியா?”

ஜாரட் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தான்.

“ஒரு பக்கம் கம்பியை மாட்டற சங்கிலியில நாலு கண்ணி தொங்குது, இன்னொரு பக்கம் மூணு. ஏன், ராத்திரி தூக்கத்துல மாட்டினியா? கழட்டு ரெண்டையும். நெம்புகோலுக்கு நேரா மூஞ்சியை நீட்டாதே, பல்லு போயிடும்!”

குழந்தை வீரிட்டு அழுதது. டாலியாவின் கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்வதைக் கொஞ்சம் தன்மையாகச் சொன்னால் என்ன, நாக்கு தேய்ந்துவிடுமா?

“நெவில், சின்னப் பசங்கப்பா, விட்டுடு. அவங்க பாட்டுக்குப் போகட்டும்” என்றார் காலின்.

“ஆமா, நீ என்ன போலீஸா?” என்றாள் க்ளெனிஸ்.

“உங்க டீ ஆறுது. குடிங்க” என்றார் நெவில், திரும்பிக்கூடப் பார்க்காமல். மரியாதை தெரியாத மனிதர்.

நான் எழுந்து போய்க் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு, டாலியாவின் தோளைத் தட்டினேன். “கவலைப்படாதேம்மா. அந்த ஆள் எல்லார்கிட்டயும் இப்படித்தான்.”

ஜாரட் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கம்பிகளையும் கழற்றினான்.

“இப்போ கேரவன் மூக்குக்குக் கீழ இருக்கிற சின்னச் சக்கரத்தோட கைப்பிடியைச் சுத்து. கேரவன் மூக்கு மேல ஏறும்போது உன் வண்டியோட பின்பக்கமும் கூடவே ஏறணும். அப்பதான் ரெண்டும் ஒழுங்கா பூட்டியிருக்குன்னு அர்த்தம்.”

ஜாரட் சுற்றினான். கேரவனின் மூக்கு ஏறியது. வண்டி ஏறவில்லை. வண்டியின் பின்னால் அந்த மூக்கு கவ்வியிருக்க வேண்டிய இரும்புக் குண்டு தனியாக, பளபளவென்று வெளியே தெரிந்தது.

குண்டோடு மூக்கைப் பூட்டும் தாழ்ப்பாளை அவன் போடவே இல்லை.

“கம்பியோட இறுக்கம் அமுக்கிப் பிடிச்சிருந்தது. அதான் உனக்குத் தெரியலை. நல்லா ஒரு குலுக்கல் போதும், பிச்சுக்கிட்டு வந்திருக்கும்” என்றார் நெவில்.

“பாதுகாப்புச் சங்கிலி இருக்கே சார்...”

“இருக்கு. அது விடாது. ரோட்டுல மூக்கு குத்தின கேரவன் எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம் உன்னையும் இழுத்துக்கிட்டுப் போகும்.”

ஜாரட் பின் சீட்டைப் பார்த்தான். குழந்தை பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

அப்புறம் நெவில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூக்கை இறக்கு, தாழ்ப்பாளைப் போடு, அதில் ஊசியைச் செருகு, கைப்பிடியைச் சுற்றிப் பார். இந்த முறை வண்டியும் சேர்ந்து ஏறியது. கம்பிகளைக் கண்ணி எண்ணி மாட்ட வைத்து, உயரத்தை அளக்க வைத்து, விளக்குகளை எரிய வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு. முடியும்போது பத்தரை.

“எண்பதுக்கு மேல போகாதே. நாப்பது கிலோமீட்டர்ல நிறுத்தி எல்லாத்தையும் திரும்பத் தொட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு நடந்தார். போயிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை கிடையாது.

டாலியா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. நீங்க மூணு பேர் மட்டும்தான் எங்களுக்காகப் பரிஞ்சு பேசினீங்க. எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!”

“இதுல என்னம்மா இருக்கு, மனுஷங்கன்னா இதுகூடச் செய்யக் கூடாதா?” என்றேன்.

கேரவன் ஆடாமல் அசையாமல் வாசலைத் தாண்டிப் போனது. நாங்கள் மூவரும் கையசைத்தோம்.

“பாவி மனுஷன், எல்லாத்தையும் கெடுத்துட்டான்” என்றாள் க்ளெனிஸ். காலின் பெருமூச்சு விட்டபடி மேஜையிலிருந்த மூன்று பீர் பாட்டில்களையும் ஃப்ரிட்ஜுக்குள் திரும்ப வைத்தார்.

ஜாரட் தாழ்ப்பாளைப் போட மறந்ததை ஒன்பது மணிக்கே நாங்கள் பார்த்துவிட்டோம். எங்கே கழன்று விழும் என்று ஆளுக்கு ஒரு பீர் பந்தயம். காலின் சொன்னது வாசல் வேகத்தடை. க்ளெனிஸ் சொன்னது பேக்கரி ரவுண்டானா.

நான் சொன்னது, ஆற்றுப் பாலம்.