ஒரு சக்கரம் பாக்கி

“அந்த மனுஷன் அதை அமுக்கப் பார்க்கிறார்மா. உனக்குத்தான் புரியலை” என்றாள் மகள்.

“வாயைக் கழுவு. உங்கப்பாவோட நாற்பது வருஷச் சிநேகிதர்.”

“சிநேகிதர்னா? ஒண்ணே கால் வருஷமா ஒரு பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டிக்கிட்டே இருப்பாரா? இதுக்குள்ள நிஜ விமானமே நாலு செஞ்சிருப்பாங்க.”

அம்மா மேசை இழுப்பறையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம்தான். பழைய காலத்து விமான மாடல் பெட்டிகளைத் தேடிப் பிடித்து வாங்குவார். பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக நறுக்கி, ராவி, ஒட்டி, வர்ணம் பூசுவார். கடைசியாகத் திறந்த பெட்டி மகளைவிட வயதில் மூத்தது. இடது இறக்கையை ஒட்டிவிட்டு, “பசை காயட்டும்” என்று போய்ப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

மீதியை முடித்துத் தரச் சொல்லி அம்மா அதைப் பல்செட் மாமாவிடம் கொடுத்தாள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில்.

சனிக்கிழமையானால் அவரிடமிருந்து போன் வரும். வாரத்துக்கு ஒரு சாக்கு.

“தங்கச்சி, விமானி உட்கார்ற இடத்துக் கண்ணாடி மஞ்சளாயிடுச்சு. வேற தேடறேன்.”

“தங்கச்சி, இறக்கையில ஒட்டற படத்தைத் தண்ணியில போட்டேன். பழசில்லையா, தூள் தூளாப் போயிடுச்சு.”

“தங்கச்சி, உள்பக்கம் பச்சையா சாம்பலான்னு அவன் நோட்டுல எழுதியிருக்கானா பாரு.”

அம்மா வாரம் முழுக்கத் தேடுவாள். கிடைத்ததைப் போனில் சொல்வாள். கூடவே அப்பாவின் கதை ரெண்டு வரும். பேசி முடித்ததும் கிழமை எழுதிய மாத்திரை டப்பாவைத் திறந்து, கைநிறைய மாத்திரையை முகம் சுளிக்காமல் விழுங்குவாள். சர்க்கரைக்கு, இதயத்துக்கு, ரத்த அழுத்தத்துக்கு. ஒரு வேளை தவறியதில்லை. அந்த ஒன்றிலாவது கடவுள் கண் திறந்தாரே என்று மகளுக்கு நிம்மதி.

“இந்த வாரம் என்னவாம்?”

“ஒரு சக்கரத்தைக் காணலையாம். பழைய பெட்டி, தனியாக் கிடைக்காதாம். இங்க எங்கேயாவது உருண்டு கிடக்கான்னு பார்க்கச் சொன்னார்.”

மகளுக்குச் சுரீர் என்றது. ஊர் வாய்க்கெல்லாம் கடைவாய்ப்பல் செய்து கொடுக்கிறவருக்கு, சட்டைப் பொத்தான் அளவு ஒரு சக்கரம் செய்ய வராதா?

விமானத்தையே வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

மாமாவின் பட்டறைச் சுவர் முழுக்க பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேல்தட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த விமானம்.

முழு விமானம். சக்கரம் ஒன்றும் குறையவில்லை. இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் வழிந்த கறைகூடத் தீட்டியிருந்தது. “பளபளன்னு இருந்தா பொம்மை, அழுக்கா இருந்தாத்தான் விமானம்” என்பார் அப்பா.

“எப்போ முடிச்சீங்க?”

மாமா பல் ராவும் மெஷினை நிறுத்தினார். “போன வருஷம். மழைக்கு முன்னாடி.”

“செத்தவர் பொருள் மாமா. உங்களுக்குக் கூசலையா? எங்கம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, கட்டிலுக்கு அடியில சக்கரம் தேடறா.”

“தேடணும்மா” என்றார் மாமா. “உட்காரு.”

அவள் உட்காரவில்லை.

“பெட்டியை என் கையில குடுத்தப்போ உங்கம்மா ஒண்ணு சொன்னா. ‘இதை முடிச்சுக் குடுத்துடுங்கண்ணே. அவர் போட்டோ பக்கத்துல வெச்சுட்டா என் வேலை முடிஞ்சுது. அன்னிக்கே மாத்திரையை நிறுத்திடுவேன். அதுவரைக்கும் ஒரு வேளைகூடத் தவற மாட்டேன்’னா. சொல்லிட்டுச் சிரிச்சா. அழுதிருந்தா நானும் விட்டிருப்பேன்.”

மகள் இப்போது உட்கார்ந்தாள்.

“எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா.”

“சொன்னா நீ அழுவே, கெஞ்சுவே. அவ சரின்னு தலையாட்டிட்டு மாத்திரையை ஜன்னல் வழியா வீசிடுவா. உங்கம்மா என்கிட்டச் சொன்ன சொல் தவறினதில்லை. அதான், அந்தச் சொல்லையே பிடிச்சுக்கிட்டேன்.”

மாமா ஸ்டூலில் ஏறி, பெட்டியை இறக்கித் துடைத்தார்.

“உங்க வீட்டுப் பொருள். எடுத்துட்டுப் போறதுன்னா போ. எனக்கும் சாக்கு தீர்ந்துபோச்சும்மா. காணோம்னு சொல்ல இனி ஒரு துண்டுகூட பாக்கியில்லை.”

பொழுது சாயும் நேரத்தில் மகள் வீடு திரும்பினாள். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“குடுத்தாரா?”

“இல்லைம்மா.” செருப்பைக் கழற்றுகிற சாக்கில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “எல்லாம் முடிஞ்சுதான் இருந்துச்சு. நான்தான் அவர் கையிலேருந்து வெடுக்குன்னு பிடுங்கினேன். கீழே விழுந்து, ரெண்டு இறக்கையும் போச்சு.”

அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். “உனக்கு என்னடி அப்படி அவசரம்? அந்த மனுஷன் கண்ணைக் கெடுத்துக்கிட்டுச் செஞ்சது. உங்கப்பா ஒட்டின இறக்கைடி அது. உன் கையில என்ன கொள்ளியா?”

மகள் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அம்மா அவளை இப்படித் திட்டி எத்தனை காலமாயிற்று.

“மறுபடி செய்ய எவ்வளவு நாளாகுமாம்?”

“ரெண்டு வருஷமாவது ஆகும்கிறார்.”

“ரெண்டு வருஷமா...”

அம்மா பெருமூச்சு விட்டாள். முனகிக்கொண்டே உள்ளே போய் டப்பாவைத் திறந்து, அந்தி வேளை மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அங்கே, பல்செட் மாமாவின் மேல்தட்டில், ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தது விமானம்.