ஆணிக்கடை நீதிபதி

“அழுது என்னக்கா ஆகப்போகுது? அந்த ஆள்கிட்ட போய்த் தப்பிச்சு வந்தவன்னு இந்தத் தெருவுல ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்” என்றாள் தெரேசா, பக்கத்து வீட்டு லுத்மிலாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டே.

முந்தின நாள்தான் லுத்மிலாவுடைய மூத்த மகன் ஆந்திரேயை ஆறு மாதம் கல்லுடைக்கும் சிறைக்கு அனுப்பியிருந்தார் நீதிபதி கட்ஷா. இன்று இளையவன் பாவோலின் முறை. சரக்கு ரயில் பெட்டியில் ஏறி நிலக்கரி திருடினார்கள் என்று இருவர் மீதும் ஒரே வழக்கு. உண்மையில் பிள்ளைகள் பெட்டியைத் தொடவேயில்லை. தண்டவாளத்தோரம் சிதறிக் கிடந்ததைத்தான் பொறுக்கினார்கள். பனிக்காலத்தில் இரும்பாலைத் தெருவில் அதைச் செய்யாத வீடே கிடையாது.

நேற்று நேரமாகிவிட்டது, ஒருவனைத்தான் விசாரிக்க முடியும், எவனை முதலில் நிறுத்தட்டும் என்று கான்ஸ்டபிள் அவளிடமே கேட்டிருந்தார். பெரியவனை என்று லுத்மிலாதான் சொன்னாள். அவன் கட்டுமஸ்தானவன், எதையும் தாங்குவான். சின்னவன் இருமினால் ரத்தம் வரும். கல்லுடைக்கப் போனால் உயிரோடு திரும்பமாட்டான் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அந்த வட்டாரத்துச் சில்லறை வழக்குகளுக்கெல்லாம் கட்ஷாதான் நீதிபதி. அவருடைய ஆணிக்கடையின் பின்னறைதான் நீதிமன்றம். முன்னால் கீல், பூட்டு, பெயிண்ட் வியாபாரம், பின்னால் நியாயம். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவரிடம் விடுதலை வாங்க முடியாது என்பது ஊரறிந்த சங்கதி. நேற்று லுத்மிலா கசகசா ரொட்டி சுட்டுக் கொண்டுபோயிருந்தாள். மனிதர் அதை ருசித்துத் தின்றுவிட்டுத்தான் தண்டனையைச் சொன்னார். இன்று அவள் வெறுங்கையோடுதான் போனாள்.

ரயில்வே காவலாளி ஸ்கெல்லி சாட்சிக் கூண்டில் ஏறி, நேற்றுச் சொன்னதையே கிளிப்பிள்ளை போல ஒப்பித்தான். பையன் பெட்டி மேல் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்தானாம். கான்ஸ்டபிள் கைவிலங்கை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

கட்ஷா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ எங்கய்யா நின்னுட்டிருந்தே?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிங்க.”

“அங்க நின்னா தொட்டிதான் தெரியும். பெட்டி எப்படித் தெரிஞ்சுது?”

இதே கேள்வியைத்தான் நேற்று ஆந்திரே கேட்டான். வாயை மூடிக்கொண்டு நில் என்று அவனை அதட்டிய அதே கட்ஷா, இன்று காவலாளியைக் குடைந்து குடைந்து கேட்டார். கடைசியில் ஸ்கெல்லி, தான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

“குற்றம் நிரூபணமாகலை. பையன் வீட்டுக்குப் போகலாம்.”

கான்ஸ்டபிள் விலங்கும் கையுமாக வாயைப் பிளந்து நின்றார். தெரேசா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். தான் அந்தோணியாருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி வீண்போகவில்லை என்று லுத்மிலாவின் காதில் கிசுகிசுத்தாள். லுத்மிலாவுக்கோ பையனின் இருமலைக் கேட்டுத்தான் அந்தக் கல்நெஞ்சும் கரைந்துவிட்டது என்று பட்டது. மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஓடிப்போய் நீதிபதியின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

“நீங்க நல்லாயிருக்கணும் ஐயா. என் பிள்ளை உசிரைக் காப்பாத்திட்டீங்க.”

“பரவாயில்லைம்மா” என்றார் கட்ஷா. இப்படிக் கனிவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்தக் கனிவுதான் அவளுக்குத் துணிச்சல் கொடுத்தது.

“ஐயா, நேத்தும் இதே காவலாளிதானே வந்தான்? இதே பொய்யைத்தானே சொன்னான்? அப்போ என் பெரியவன்...”

“பொய்தான். நேத்தே எனக்குத் தெரியும். ஆனா எழுதின தீர்ப்பை மாத்த எனக்கு அதிகாரம் இல்லைம்மா.”

“தெரிஞ்சுமா ஐயா தண்டிச்சீங்க?”

கட்ஷா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. குழந்தைக்கு விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்:

“நேத்து வரைக்கும் தண்டிச்சாத்தான்மா எனக்குக் கூலி, விடுதலை பண்ணா ஒரு காசு கிடையாது. இன்னைக்குக் காலையிலதான் நகர மன்றம் என்னை மாசச் சம்பளத்துல நியமிச்சுது. இனிமே நீ பயமில்லாம வரலாம்.”